அருள்புரத்துக்கு வந்த அணுகுண்டு

பத்தில்லீங்க மேடம், ஒம்போது. மனுவுல பத்துன்னு டைப் அடிச்சிருக்காங்க. பத்தாவது கால் நாந்தான் எம்பட சம்சாரத்துக்குப் பண்ணுனது, அவ எடுக்கல. அதையும் சேத்து எண்ணிப்போட்டாங்க. செரி, அது பெருசில்லீங்க. தப்புன்னு கண்ணுல பட்டா என்னால சொல்லாம இருக்க முடியறதில்ல. இருபத்திமூணு வருசம் பனியன் கம்பெனில செக்கிங்ல இருந்தவன். ஒரு நூலு விட்டுருந்தாலும் கண்ணு அங்கதான் போயி நிக்கும்.

காப்பியெல்லாம் வேண்டாமுங்க, வரும்போதே கோர்ட்டு வாசல்ல குடிச்சுட்டேன். ஆமாங்க, அன்புசெல்விய வெளிய பெஞ்சுல பாத்தேன். அவங்கண்ணங்கூட வந்திருக்கா, குண்டடத்துல இருந்து. ஏழு மாசமாச்சுங்க அவ பொறந்த ஊட்டுக்குப் போயி. எளச்சுப் போயிட்டா. என்னையப் பாத்தா, பாக்காதவளாட்ட மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. மேடம், எனக்கு அவ வேணுமுங்க. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். சமரச மையம்னு போர்டு போட்டிருக்கீங்க, எப்படியாச்சும் சமரசம் பண்ணி உடுங்க. நான் எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்.

படிச்சேனுங்க, படிச்சேன். உலகமே அழியப்போகிற நேரத்திலும் என்னை நினைக்காத மனிதரோடு இனி வாழ விருப்பமில்லை. வக்கீலு நல்லாத்தான் எழுதியிருக்காரு. அதைப் படிச்சா நானே அவ பக்கம் சேந்துக்குவேன். ஆனா உலகம் அழியலையேங்க மேடம்! எங்க எல்லாத்துக்கும் வந்த வினையே அதுதான். குண்டு விழுந்திருந்தா ஒரு பிரச்சனையுமில்ல. விழாம உட்டுட்டுப் போயிருச்சு பாருங்க, இப்ப நாங்க கெடந்து அனுபவிக்கறோம்.

மொதல்ல இருந்தா? சொல்றேனுங்க.

நான் அருள்புரத்துல ஒரு கம்பெனில காம்ப்ளயன்ஸ் மேனேஜர். செக்கிங்ல இருந்து அதுக்கு மாத்திட்டாங்க. அப்டீன்னா, வெளிநாட்டுக்காரன் நம்மகிட்ட பனியன் வாங்கோணும்னா, இங்க தீயணைக்கற சிலிண்டர் இருக்குதா, கக்கூஸ் சுத்தமா இருக்குதா, ஆளுகளுக்கு மாஸ்க் குடுக்கறமான்னு எல்லாத்தையும் பேப்பர்ல காட்டோணும். இருக்குதோ இல்லியோ, பேப்பர்ல இருக்கோணும். அந்தப் பேப்பரு நானுங்க.

மாசம் ஒருக்கா தீ ஒத்திகை நடத்தோணும். நெசமா நடத்துனா அரை மணி நேரம் மிசின் நிக்கும், பீசுக்கு இத்தனைன்னு கூலி வாங்கற டைலருங்க சண்டைக்கு வந்துருவாங்க. அதனால மத்தியானம் எல்லாரும் சாப்படப் போறப்ப வாசல்ல நின்னு ஒரு வீடியோ எடுத்துக்குவேன். சோத்துத் தூக்குப்போசிய ஆட்டிக்கிட்டு, சிரிச்சுப் பேசிக்கிட்டு வருவாங்க. தீப்பிடித்த கட்டடத்திலிருந்து நான்கு நிமிடத்தில் அனைவரும் வெளியேறினர்னு நான் எழுதிருவேன். எல்லாக் கம்பெனிலயும் இப்படியான்னு எங்கிட்டக் கேக்காதீங்க. நம்ம கம்பெனில இப்படி.

போன மே மாசம் ஒரு நாலு நாளு சண்டை நடந்துச்சுல்லீங்க. டிவியப் போட்டா சைரன் சத்தந்தான். ரெண்டு நாட்டுகிட்டயும் அணுகுண்டு இருக்குதுன்னு கோட்டுப் போட்ட ஆளுக நெம்ப சந்தோசமாக் கத்திக்கிட்டிருந்தாங்க. அப்பப் பாத்து வெளிநாட்டு பையர்கிட்ட இருந்து ஒரு ஃபாரம் வருது. பனியன் வாங்கற கம்பெனியத்தான் நாங்க பையர்ங்கறது. அணு ஆயுதத் தாக்குதல் ஏற்பட்டால் உங்கள் நிறுவனத்தின் செயல்திட்டம் என்ன? ரெண்டு நாளைக்குள்ள, வீடியோ ஆதாரத்தோட.

நான் என்ன பண்ணுனேன், தீ ஒத்திகை ஃபாரத்தை எடுத்தேன். தீன்னு இருந்த எடத்துல எல்லாம் அணுகுண்டுன்னு மாத்திட்டேன். கம்ப்யூட்டர்ல ஒரே அமுக்குதானுங்க. அணுகுண்டைப் பார்த்தவர் உடனடியாக அருகிலுள்ள மணியை அடிக்கவும். அனைவரும் பதட்டமின்றி வரிசையாக வேப்பமரத்தடியில் கூடவும். சூப்பர்வைசர் தலைகளை எண்ணி, காலையில் பஞ்ச் ஆன எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவும். சிறிய அணுகுண்டாக இருந்தால் மணல் வாளியைப் பயன்படுத்தவும். அணுகுண்டு முழுவதுமாக அணைந்த பின் உற்பத்தியைத் தொடரவும்.

சிரிக்காதீங்க மேடம். அது பாஸாயிருச்சு. ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டாங்க, மணல் வாளி எத்தன இருக்குதுன்னு.

வீடியோவுக்கு ஒரு அறிவிப்பு வேணும்ல? எங்க எச்ஆர் ரோஸ்மேரிய பேசச் சொல்லி பென் டிரைவுல ஏத்துனேன். நாசரேத்துப் பக்கத்துப் பொண்ணு, சர்ச்சுல பைபிள் வாசிக்கற கொரலு. அந்தம்மா கேண்டீன்ல தோசை தீந்துபோச்சுன்னு சொன்னாலே நமக்கு நெஞ்சு பதறும். கவனிக்கவும். அணு ஆயுத ஏவுகணை ஒன்று நமது பகுதியை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அனைவரும் உடனடியாகப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும். கடைசில, இது ஒத்திகை மட்டுமே. அந்தம்மா ஒத்திகைங்கறத மொதல்லயே சொல்லிரலாம் சார்னுச்சு. நாந்தான் வேண்டாம்னேன். மொதல்லயே சொல்லிட்டா ஆளுக மூஞ்சில பயம் வராது, பையர் வீடியோவ ஒத்துக்க மாட்டான்னேன்.

வெள்ளிக்கிழமைங்க. மத்தியானம் மூணு முப்பத்தெட்டு. மைக் செட்டு செக்யூரிட்டி ரூம்ல இருக்கும். அங்க இருந்துதான் ஆறுநூறு பேருக்கும் எஃப்எம் பாட்டு ஓடும். பாட்டில்லீன்னா டைலருங்களுக்குக் கை ஓடாது. திடீர்னு பாட்டு நின்னுச்சு, ரோஸ்மேரி கொரலு வந்துச்சு. ஏவுகணைன்னுச்சு, வந்துகொண்டிருக்கிறதுன்னுச்சு, செல்லவும்னுச்சு. அடுத்த வரி வர்றதுக்குள்ள கரண்டு போயிருச்சு. லைட்டு, பேனு, மிசினு மொத்தமும் ஒண்ணா நின்னுபோச்சு. நீங்களா இருந்தா என்ன நெனைப்பீங்க?

யாரு போட்டதுங்களா? அது... காசிமாயன்னு ஒரு செக்யூரிட்டிங்க. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரரு, அறுவது வயசு. பாட்டைப் போட்டுட்டு, நூல் லாரி வந்துச்சுன்னு கேட்டைத் தொறக்கப் போனாராம். பென் டிரைவு அதுலயே சொருகியிருந்துச்சு, பட்டன் மாறி அமுக்கிட்டாருன்னு என்கொயரில முடிச்சாங்க. அதை உடுங்க. அப்பறம் நடந்ததைக் கேளுங்க.

எங்க மொதலாளி லிங்கசாமி அண்ணன், வெள்ளகோயில்ல தோட்டங்காடு இருக்கற பெரிய குடும்பம். ரூமை உட்டு ஓடியாந்தவரு நேரா துணி குடோனுக்குள்ள பூந்துட்டாரு. துணி ரோலுகளுக்கு நடுவுல படுத்துக்கிட்டு, என்னையப் பாத்து, மருதாசலம், கதிர்வீச்சை எந்தத் துணி தாங்குங்கறாரு. துணியோட கனத்தை நாங்க ஜிஎஸ்எம்னு சொல்லுவோமுங்க. நூத்தியெம்பது ஜிஎஸ்எம் போதுமா, முன்னூத்தியிருவது வேணுமாங்கறாரு. எனக்குத் தெரியலீங்கண்ணா, கனமானதே போத்திக்குங்கன்னேன். மே மாசத்து வெயிலுல மனுசன் குளிருக்குப் போடற துணிய நாலு சுத்து சுத்திக்கிட்டுக் கெடந்தாரு.

தையல்ல ஒச்சம்மாள்னு ஒரு அம்மா, எல்லாரும் ஓடறாங்க, அது மட்டும் நகரல. கரண்டு வரட்டும், கையில இருக்கற பீசுக் கட்டைத் தைச்சு முடிச்சுப்புட்டு வாறேன், குண்டு வந்தாலும் எண்ணிக்கையில கொறையக் கூடாதுல்லங்குது. இந்திக்காரப் பசங்க ஊருக்குப் போனைப் போட்டு ஓன்னு அழுவறானுக. ரோஸ்மேரி தன் கொரலைத் தானே கேட்டு நடுங்கிப் போச்சு. இது நான் பேசுனதுதான, ஆனா ஒத்திகைன்னு வரலியே, அப்ப நெசமாவே வந்துருச்சு போல, அதான் சார் போட்டுட்டாருன்னு நெனைச்சுக்கிச்சு. நேரா குடோனுக்குப் போயி, மொதலாளி மூஞ்சிக்கு நேரா, எட்டு வருசமா மனசுல வெச்சிருந்ததை எல்லாம் கொட்டிருச்சு. சுத்தமான தமிழ்ல. அவரு துணிக்குள்ள இருந்து தலைய மட்டும் நீட்டிக் கேட்டுக்கிட்டாரு. இப்பவும் தெனம் காலைல அந்தம்மா குட் மார்னிங் சார்ங்குது, அவரும் குட் மார்னிங்கறாரு. ரெண்டு பேரு மூஞ்சியையும் பாக்கச் சகிக்காதுங்க.

நான் என்ன பண்ணுனேன்னுதான கேக்கறீங்க. அந்த நேரத்துலதானுங்க மொதலாளி துணிக்குள்ள இருந்து கத்தறாரு. பையரோட ஏஜெண்டுக்குப் போனைப் போடு, அணுகுண்டுனால ஷிப்மெண்ட் பத்து நாளு தள்ளிப் போவும்னு சொல்லு, பிளேன்ல அனுப்பச் சொன்னா செலவு நம்ம தலைல, ஒத்துக்காதங்கறாரு. நானும் போட்டேன். பெங்களூர்ல ஒரு பொண்ணு எடுத்துச்சு. மேடம், எங்க ஊருக்கு அணுகுண்டு வருது, கொஞ்சம் டைம் வேணும்னேன். லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுங்க, விழுந்த போட்டோ இருந்தா அதையும் அட்டாச் பண்ணுங்கன்னுச்சு. விழுந்தப்பறம் எப்படிங்க அனுப்பறதுன்னேன். அது உங்க சைடு பாக்க வேண்டியது சார்னுச்சு. பதினொரு நிமிசம் பேசி ஏழு நாளு வாங்குனேன். அதுக்கு மொதலாளி இன்னிக்கு வரைக்கும் என்னையப் பாராட்டறாருங்க.

அந்தப் பதினொரு நிமிசத்துல அவ கூப்பிட்டிருக்கா. நம்ம டைலருங்க ஊட்டுக்குச் சொல்லி, அது வாட்ஸப்புல போயி, அருள்புரத்துல கடையெல்லாம் சாத்திட்டாங்களாம். பல்லடம் வரைக்கும் போயிருச்சு சேதி. இவ ஊட்டுல தனியா இருக்கா. மக ஜனனி காலேஜ் ஹாஸ்டல்ல. பின்னால பொடக்காளிக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்கெல்லாம் ஈரப் பெட்சீட்டு மாட்டி, கொடங் கொடமாத் தண்ணி புடிச்சு வெச்சுட்டு, கட்டலுக்கு அடில போயி உக்காந்துக்கிட்டா. கையில என்ன வெச்சிருந்தா தெரியுங்களா? நகையில்லீங்க. எம்பட பிரஷர் மாத்திரை, ரெண்டு அட்டை. நான் எப்படியாச்சும் ஊடு வந்து சேந்துட்டா மாத்திரைக்கு எங்க போறதுன்னு. அவங்கண்ணன் என்னையத் திட்டறப்பதான் இதைச் சொன்னாரு. நான் அங்கயே ரோட்டுல நின்னு அழுதுட்டேனுங்க. வெக்கமில்லாமச் சொல்றேன், அழுதேன்.

ஆமாங்க, கட் பண்ணுனா தானா ஒரு மெசேஜ் போவும். இப்போது பேச முடியாது, பிறகு அழைக்கிறேன். ஒம்போது தடவையும் அதுதான் போயிருக்குது. உலகம் அழியறப்ப பிறகு அழைக்கிறேன்னு சொன்னா எந்தப் பொண்டாட்டிதான் ஒத்துக்குவா.

முடிஞ்சதுங்களா? டீ பெல்லுலதான் முடிஞ்சது. நாலு மணிக்கு அது டைமர்ல தானா அடிக்கும். அணுகுண்டுக்கு ஓடி ஒளிஞ்ச கூட்டமெல்லாம் டீ பெல்லுக்கு எந்திரிச்சு வந்துருச்சு. மிசினுக்கு அடில இருந்து, கக்கூசுக்குள்ள இருந்து, தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருந்து ஒவ்வொருத்தரா வந்து வரிசைல நின்னாங்க. அன்னிக்கு போண்டா. ஒருத்தரும் ஒருத்தர் மூஞ்சியப் பாக்கல. இருபத்திரெண்டு நிமிச யுத்தம் அவ்வளவுதானுங்க.

இப்படியுமா ஒரு தப்பு நடக்கும்னு கேக்கறீங்க. நடக்குமுங்க. எங்க தொழில்ல நூறு பீசுக்கு ரெண்டரை பீசு டேமேஜ் போலாம்னு கணக்கே இருக்குது. அதுக்குள்ள இருந்தா பாஸ்னு சீல் அடிச்சுருவோம். உலகத்துல பன்னெண்டாயிரம் அணுகுண்டு இருக்குதுன்னு டிவில சொன்னாங்க. எங்க கணக்குப்படி போட்டா முன்னூறு குண்டு கை தவறிப் போனாக்கூட ஷிப்மெண்ட் பாஸ்தான். அதையும் நம்மளாட்ட ஒரு மனுசந்தான செக் பண்றான். அவனுக்கும் வயித்துக் கடுப்பு இருக்கும், அவனுக்கும் மேல ஒரு மொதலாளி இருப்பாரு. அவன் தெரியாம அமுக்கிட்டான்னு வெச்சுக்குங்க, மொதல்ல என்ன பண்ணுவான்? அய்யோ உலகம் போச்சேன்னா நெனைப்பான்? இல்லீங்க மேடம். யாராச்சும் பாத்தாங்களான்னு சுத்தும் முத்தும் பாப்பான்.  அப்பறம் அமுக்குன வெரலைப் பாப்பான். அப்பறம் கதவைப் பாப்பான்.

எனக்கெப்படி... சும்மா சொன்னேனுங்க. ஒரு பேச்சுக்கு.

எது? அந்தப் பேப்பரு... ஓ, கால் லிஸ்ட்டா. ஆமாங்க, ஏஜெண்டு கால் மூணு அம்பத்திமூணோட முடிஞ்சிருச்சு. அவ கூப்பிட்டதுல மூணு அதுக்கு முன்னால. மீதி ஆறு அதுக்குப் பொறவு. ஆமாங்க. அப்ப நான் வேற யாருகிட்டயும் பேசல. பதட்டமுங்க மேடம். எங்க நின்னேனா? குடோன்ல இருந்து திரும்பி வந்து செக்யூரிட்டி ரூம்லதான் நின்னேன்.

ம். அங்கதான் மைக் செட்டு.

இல்லீங்க, கரண்டு அப்பவே வந்துருச்சு. ஜெனரேட்டரு ரெண்டு நிமிசத்துல தானா எடுத்துக்கும். மைக்குல செவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு.

இங்க பேசறது வெளிய போவாதுன்னு சொன்னீங்கல்லீங்க? கோர்ட்டுக்குக் கூட? செரிங்க. கதவை மட்டும் சித்த சாத்திக்கட்டுங்களா.

நாந்தானுங்க மேடம். கொரலு தெளிவா வருதான்னு பாக்க பென் டிரைவை நாந்தான் சொருகுனேன். ரூமுக்குள்ள மட்டும் கேக்கும்னு நெனைச்சேன். எஃப்எம் ஓடுதுன்னா எல்லா ஸ்பீக்கரும் ஆன்ல இருக்குதுன்னு தோணோணும்ல, தோணல. இருபத்திமூணு வருசம் அடுத்தவன் தப்பைக் கண்டுபுடிச்ச எனக்குத் தோணல. காசிமாயன் கேட்டுக்குப் போயிருந்தாரு, ஒருத்தரும் பாக்கல. கரண்டு வந்ததும் மைக்கைப் புடிச்சு ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையிலயே எடுத்தேன். சொன்னா அடுத்து எல்லாரும் ஒரே கேள்விதான கேப்பாங்க, யாரு போட்டதுன்னு. அந்த ஒரு கேள்விக்கு பயந்துக்கிட்டு, ஆறுநூறு பேரு சாவப் போறோம்னு நெனைச்சுக்கிட்டா நெனைச்சுக்கட்டும், எப்படியும் அது பொய்தானன்னு உட்டுட்டேனுங்க.

காசிமாயனை வேலைய உட்டு அனுப்பிட்டாங்க. போலீசுல ஒரு நாளு உக்கார வெச்சு, எழுதி வாங்கிட்டு உட்டாங்க. அவரு, தான்தான் பட்டனை மாத்தி அமுக்கிட்டம்னு நெசமாவே நம்பறாரு மேடம். ஊருக்குப் போறப்ப எங்கிட்ட வந்து கையெடுத்துக் கும்புட்டு, உங்க பேரையும் கெடுத்துப்புட்டேன், என்னைய மன்னிச்சிருங்கய்யான்னாரு. செரி போங்க, மனுசன்னா தப்பு வரத்தான செய்யும்னு மன்னிச்சு அனுப்பி வெச்சேன்.

இதை அன்புசெல்விகிட்டச் சொன்னா, குண்டு வர்லீன்னு தெரிஞ்சதுனாலதான் போனை எடுக்கலைன்னு அவளுக்குப் புரியும். உலகம் அழியறப்ப நான் அவளை மறக்கலீங்க. எம்மேல இருக்கற அந்தப் பழி போயிரும். ஆனா உடனே அடுத்ததைக் கேப்பா. தெரிஞ்சும் என்னையக் கட்டலுக்கு அடில உக்கார வெச்சீங்களா மாமான்னு கேப்பா. நானும் ஏழு மாசமா ரெண்டையும் மாத்தி மாத்தி ரோசனை பண்ணிட்டேன், எதைச் சொன்னா திரும்பி வருவான்னு எனக்குப் புடிபடல. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.

அந்த ஆறு காலுங்களா? கையிலதான் போன் இருந்துச்சு. அவ போட்டோவோட அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எடுத்தா அழுதுக்கிட்டே, நெசமாங்களா மாமான்னு கேப்பா. கல்யாணமாகி இருபத்திரெண்டு வருசத்துல அவகிட்ட மட்டும் எனக்குப் பொய் சொல்ல வந்ததில்லீங்க. எடுத்திருந்தா உண்மையச் சொல்லிப்போட்டிருப்பேன். அதனாலதானுங்க கட் பண்ணுனேன்.